அக்கா அழித்த வட்டம்

முகம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் பெரியவளுக்குக் கை சும்மா இருக்காது. போட்டோ ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவள் கணவர். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பருவை நீக்கி, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைத் தேய்த்து, ஆளை ஆளாக்கி அனுப்புவது அவள். தெருவில் நடக்கும்போதுகூட எதிரே வருகிறவரின் மூக்கோரத்தில் ஒரு புண்ணைப் பார்த்தால் போதும், மவுஸ் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு அவள் ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு தட்டுத் தட்டும். இதை வைத்து வீட்டில் அவளை எவ்வளவோ ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். அவளுக்கு உறைத்ததே இல்லை.

ஆனால் தொழிலில் கறாரானவள். தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். வந்து போவதை அழிக்கலாம், கூடவே இருப்பதைத் தொடக் கூடாது. பரு, கொசுக்கடி, சவரம் செய்தபோது பட்ட கீறல், இதெல்லாம் வந்து போவது. மச்சமும் பழைய தழும்பும் அந்த ஆளோடு சேர்ந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய நெற்றித் தழும்பை ஆர்வக் கோளாறில் எடுத்துவிட்டாள். அவருடைய மனைவி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுக்காரர் இல்லையே" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று போட்ட சட்டம் அது.

பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் சட்டம் வேறு. அதில் எதையுமே தொடக் கூடாது. பருவோடு வந்தவர் பருவோடுதான் போக வேண்டும். முடியை ஒதுக்கி இரண்டு காதையும் காட்ட வேண்டும். சிரிக்கவும் கூடாது. பெரியவளைப் பொறுத்தவரை அது ஒரு படமே இல்லை, தண்டனை.

அந்தத் தண்டனைக்குத்தான் அன்று காலை அவள் தங்கை வந்து உட்கார்ந்தாள். சின்னவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நாள் முழுக்க மைதானத்தில் நின்று ஊதி ஊதி, அங்கே விசில் டீச்சர் என்றே பெயர் எடுத்தவள். வாலிபால் அணியைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறாள், முதல் பாஸ்போர்ட். கழுத்தில் விசிலோடு வந்திருந்தாள்.

"மாமா, சீக்கிரம் எடுங்க. நான் இல்லைன்னா அங்க பந்தைத் தவிர மத்தது எல்லாம் பறக்கும்."

"முதல்ல விசிலைக் கழட்டும்மா. முடியைக் காதுக்குப் பின்னால தள்ளு."

"காதையும் காட்டணுமா? எவ்வளவு பேச்சு வாங்கின காது தெரியுமா இது!"

"வாயை மூடு. ஆடாத." விளக்கு மின்னியது. படம் பெரியவளின் திரைக்கு வந்தது.

பழக்க தோஷம். திரையில் முகம் விரிந்ததும் அவள் கை நேரே இடது கன்னத்துக்குப் போயிற்று. அங்கே, கன்னத்து எலும்பின் மேல், ஒரு வட்டம். அழிக்கும் பிரஷ்ஷின் வளையம் அதன் மேல் போய் உட்கார்ந்தது. அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

"ஏய், பாஸ்போர்ட்!" என்றார் கணவர்.

"அட, ஆமா." கையை எடுத்துவிட்டாள்.

வேலை எதுவும் இல்லாமல் ஒரு முகத்தைப் பார்த்து அவளுக்குப் பழக்கமே கிடையாது. பார்ப்பதும் அழிப்பதும் அவளுக்கு ஒரே காரியம். கண் ஒரு குறையைத் தொடுவதற்குள் கை அதை முடித்திருக்கும். இப்போது கைக்கு வேலை இல்லை. கண் மட்டும் அந்த வட்டத்தின் மேல் நின்றது. சும்மா ஒரு பொழுதுபோக்குக்குப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பார்த்தவளுக்குப் பகீரென்றது.

அது பரு இல்லை. வெயிலில் கருத்த இடமும் இல்லை. காசு வைத்து வரைந்ததுபோல் வட்டமாக இருந்தது. ஓரம் மட்டும் தடித்து, செங்கருப்பாக, ஒரு கரைபோல எழும்பி நின்றது. கரைக்கு உட்புறம் வெள்ளையாகச் செதில் ஒட்டியிருந்தது. நடு இடம் நிறம் வெளுத்து, கொஞ்சம் உள்வாங்கி, மழமழவென்று இருந்தது. அந்த மழமழப்புதான் அவளைப் பயமுறுத்தியது. தோல் என்றால் துளை இருக்கும், பூனைமுடி இருக்கும், நுண்ணிய கோடுகள் இருக்கும். தோலில் அவளுக்குத் தெரியாதது இல்லை. இங்கே துளையே இல்லை. வேலை தெரியாத எவனோ அவளுக்கு முன்னாலேயே அந்த இடத்தைத் தேய்த்து மொழுக்கிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

படத்தை நகர்த்தினாள். காது வந்தது. காதின் குழியில், துளைக்கு மேலே கிண்ணம்போல் இருக்கும் இடத்தில், அதே செங்கருப்பு. அதற்குள் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள். ஒவ்வொரு துளையையும் எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. வெயிலில் கருத்தது என்றால் காதுக் குழிக்குள் இப்படி வட்டமாகவா கருக்கும்?

இன்னும் மேலே நகர்த்தினாள். வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெளுத்த திட்டு. அதில் ஒரு முடி இல்லை.

"ஏய், இங்க வா. இது என்னடி?"

சின்னவள் விசிலை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "எது? ஓ, அதுவா. வெயில்தான்க்கா. படர்தாமரையா இருக்கும்னு மருந்துக் கடையில ஒரு களிம்பு குடுத்தாங்க, போட்டுட்டிருக்கேன். கண்ணாடி பார்க்க எனக்கு ஏது நேரம்? இப்ப ரெண்டு மூணு மாசமாத்தான் கண்ணுல படுது."

"ரெண்டு மூணு மாசமா?"

"பின்ன? அதோ பாரு." சின்னவள் சுவரைக் காட்டினாள். ஸ்டுடியோ திறந்த நாளில் வருஷா வருஷம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்கள் நாலு பேரும், அம்மா, அக்கா, தங்கை, மாமா, உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் வரிசையாகச் சட்டம் போட்டுத் தொங்கின. எல்லாவற்றிலும் சின்னவளின் கன்னம் உரித்த முட்டைபோல் இருந்தது. "போன வருஷம் எவ்வளவு சுத்தமா இருக்கேன் பாரு. முடி வெட்டுற அக்காகூட சொன்னாங்க, உச்சியில சொட்டை விழுது, டாக்டர்கிட்ட காட்டுன்னு. எனக்குப் பயமாயிடுச்சு. நேரா இங்க வந்து இந்தப் படத்தைத்தான் பார்த்தேன். வகிடு ஒழுங்காத்தானே இருக்கு? சரி, அவங்களுக்குத்தான் கண்ணு சரியில்லைன்னு விட்டுட்டேன்."

சின்னவள் போகும் வரை பெரியவள் காத்திருந்தாள். போனதும் கணவரைப் பார்த்து, "கதவைச் சாத்துங்க" என்றாள்.

தொடாத மூலப் படங்களை அவள் ஒருநாளும் தூக்கி எறிந்ததில்லை. போன வருஷத்துப் படத்தைத் திறந்தாள். வட்டம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷத்தைத் திறந்தாள். இருந்தது, கொஞ்சம் சின்னதாக. அதற்கும் முந்தைய வருஷம் துவரம்பருப்பு அளவில், சொரசொரப்பாக, சிவப்பாக. அதற்கும் முன்னால் பருவா புள்ளியா என்று சொல்ல முடியாதபடி ஒன்று. அதே கன்னம், அதே எலும்பு, மயிரிழை பிசகவில்லை.

எல்லாவற்றையும் அழித்தது அவள்தான். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒரு வருஷம் கொசு கடித்திருக்கும். ஒரு வருஷம் பந்து பட்டிருக்கும். ஒரு வருஷம் வெயில். வந்து போவதுதானே என்று அழித்தாள். வருஷா வருஷம் ஒரே இடத்தைத் தேடி வந்து கடித்துவிட்டுப் போகும் கொசு உலகத்தில் எங்கே இருக்கிறது? இதைக் கேட்க அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலையும் வரவில்லை. அழித்த படம்தானே சுவருக்குப் போகிறது.

முடிதான் அவளை உடைத்தது. போன வருஷத்து மூலப் படத்தில் வகிட்டோரம் அந்தத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. விளக்கு பட்டு மினுங்குகிறது என்று நினைத்து, வலது பக்கத்திலிருந்து ஒரு கற்றையை எடுத்து இடது பக்கத்தில் ஒட்டியிருந்தாள். ஒட்டு தெரியாமல் ஒட்டியதற்காகத் தன்னையே அன்று மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

"நீ என்ன கெட்டதா நினைச்சா பண்ணினே? அழகா இருக்கட்டும்னுதானே" என்றார் கணவர்.

"அவ அந்தப் படத்தை வந்து பார்த்துட்டுப் போயிருக்கா. டாக்டர்கிட்ட போகாம, என் படத்தைப் பார்த்துட்டுப் போயிருக்கா."



மறுநாளே தங்கையை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள். விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வெயில் அதிகம், தண்ணீர் குடி என்று ஏதேதோ வந்தது. கோழைத்தனம்தான். தங்கை தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு.

டாக்டரம்மா கன்னத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்த்தார். லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை விரலால் பிரித்துப் பார்த்தார். கன்னத்தில் ஒட்டியிருந்த செதில் ஒன்றை மெல்ல உரித்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி முள் நீட்டிக்கொண்டிருந்தது.

"முடி முளைக்கிற துளைக்குள்ள இறங்கி அடைச்சிருந்தது இதுதான். மூட்டு வலி இருக்கா? வாய்ப்புண்? வெயில்ல நின்னா எரியுதா?"

"எரியும். வெயில்னா எரியத்தானே செய்யும் டாக்டர்?" என்றாள் சின்னவள்.

"இது படர்தாமரை இல்லம்மா. டிஸ்காய்ட் லூபஸ் மாதிரி இருக்கு. உடம்புக்குக் காவல் இருக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாம உங்க தோலையே அடிக்குது. யாருக்கும் ஒட்டாது. புத்துநோயும் இல்ல. ஆனா வெயில் இதுக்குப் பரம எதிரி. விட்டு வச்சா ஓரம் பரவும், பரவின இடம் தழும்பாகும். ஒரு சின்னத் துண்டு எடுத்து சோதிச்சு உறுதி பண்ணணும். உள்ளே வேற எங்கயாவது தொட்டிருக்கான்னு ரத்தமும் பார்க்கணும். எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு மூணு மாசம்தான்" என்ற சின்னவள் போனை எடுத்தாள். "இதோ பாருங்க டாக்டர், போன வருஷம் எடுத்தது. ஒன்னுமே இல்ல."

டாக்டரம்மா போனை வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். திரும்பப் போனைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "கொஞ்ச மாசத்துல இவ்வளவு தழும்பா? இது இவ்வளவு வேகமா போற சீக்கு இல்லையே. அப்படிப் போயிருக்குன்னா நான் வேற எதையாவதுதான் சந்தேகப்படணும். பெரிய மருந்தா ஆரம்பிக்கணும்."

இதற்கு மேலும் பெரியவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பொய்க்கு வைத்தியம் நடக்கும்.

"அந்தப் படத்தை நம்பாதீங்க டாக்டர்" என்றாள். "அது நான் அழிச்ச படம். போன வருஷமும் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் இருந்துச்சு. நாலு வருஷமா இருக்கு. நான்தான் அழிச்சு அழிச்சு மாட்டியிருக்கேன்."

சின்னவள் சிரித்தாள். அக்கா ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்து நிஜமாகவே சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

"உச்சியில இருந்த முடி?"

"வலது பக்கத்துல இருந்து எடுத்து ஒட்டினது."

"நீ ஒட்டின முடியைப் பார்த்துட்டா நான் நிம்மதியா தூங்கிட்டிருந்தேன்?"

சின்னவள் அழவில்லை, கத்தவில்லை. மைதானத்தில் இருந்தபடி தெருக்கோடியில் போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல் அவளுடையது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலைமேல் வைத்த கையை எடுக்காமல் டாக்டரம்மாவைப் பார்த்து, "அந்த முடி திரும்ப வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தழும்பான இடத்துல வராதும்மா. அதைச் சுத்தி இருக்கிறதைக் காப்பாத்தலாம். முகத்துலயும் அப்படித்தான். ஓரத்தை அடக்கலாம், நடுவுல வெளுத்தது வெளுத்ததுதான்." டாக்டரம்மா பெரியவள் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "தொடாத படம் எல்லாம் இருக்கா? கொண்டு வாங்க. எப்படி வளர்ந்திருக்குன்னு நான் பார்க்கணும். இனிமே மாசா மாசம் ஒரே வெளிச்சத்துல, ஒரே கோணத்துல எடுத்துட்டு வாங்க. ஓரம் நகருதா நிக்குதான்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும்."

சோதனை முடிவு டாக்டரம்மா சொன்னதையே சொல்லிற்று. ரத்தத்தில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, தோலோடு நிற்கிறது. ஆனாலும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூசுவதற்கு மருந்து, விழுங்குவதற்கு மலேரியாவுக்குக் கொடுப்பார்களே அந்த வகை மாத்திரை, அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் சோதனை. வெயிலுக்குத் தடவும் களிம்பு, அகலமான தொப்பி, முழுக்கை சட்டை. "வெளியூர்ல இருந்து வந்த புது டீச்சரான்னு பிள்ளைங்க கேக்குதுங்க" என்று சின்னவள் சொன்னாள். ஆனால் அதை அக்காவிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொன்னாள்.

அக்காவிடம்தான் பேச்சே இல்லையே. மாதம் ஒருமுறை படம் எடுக்க வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து முடியை ஒதுக்குவாள். "மாமா, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, போன மாசம் வெளிச்சம் இடது பக்கம் இருந்துச்சு." பெரியவள் மறுபேச்சில்லாமல் விளக்கை நகர்த்துவாள். ஊரில் எல்லாருக்கும் முகத்தைத் திருத்திக் கொடுத்தவளுக்குத் தங்கையின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. படம் திரைக்கு வந்த பிறகுதான் பார்த்தாள்.

சுவரிலிருந்த படங்களையும் சின்னவள் விடவில்லை. ஒருநாள் வந்து எல்லாவற்றையும் கழற்றி மேசைமேல் அடுக்கிவிட்டு, மூலப் படங்களைப் போட்டு மாட்டச் சொன்னாள். அம்மாவுக்கு மனசே ஆகவில்லை. "ஊரு உலகத்துல யாராவது இதைக் காட்டறதுக்குச் சட்டம் போட்டு மாட்டுவாங்களாடி?" என்று புலம்பினாள்.

"ஆமாம்மா, காட்டறதுக்குத்தான். யாராவது ஒருத்தர் பார்த்து, இது என்னன்னு கேக்கட்டும்."

பெரியவள்தான் ஏணியில் ஏறி மாட்டினாள். வரிசையாகப் பார்த்தால் புள்ளி பருப்பாகி, பருப்பு காசாகும் கதை சுவரில் அப்படியே இருந்தது. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர் அதைப் பார்க்காமலே போனார்கள்.

மாதங்கள் போயின. மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு காலையில் சின்னவள் வந்து உட்கார்ந்தாள். போட்டிக்குப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தாள். கணவர் எடுத்தார். படம் திரைக்கு வந்தது. பெரியவள் போன மாதத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினாள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை சுட்டதுபோல் மவுஸை விட்டுவிட்டாள்.

ஓரத்தைக் காணோம். தடித்து எழும்பி நின்ற செங்கருப்புக் கரை, இத்தனை மாதமாகப் பெரியவளின் கனவில் வந்து கழுத்தைப் பிடித்த அந்தக் கரை, அங்கே இல்லை. வெளுத்த நடு மட்டும் இருந்தது. அதைச் சுற்றி லேசான கருநிழல், அவ்வளவுதான். செதில் இல்லை. காதுக் குழியில் அடைப்பு இல்லை.

அழித்துவிட்டேனா? கை தன்னையறியாமல் பழைய வேலையைச் செய்துவிட்டதா? படத்தை மூடிவிட்டு கேமராவிலிருந்து மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதே கன்னம்.

"நீங்க தொட்டீங்களா?" கணவரிடம் அவள் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட அலறலாகவே வந்தது.

"நான் எதுக்குடி தொடுறேன்? இப்பத்தானே எடுத்தேன்."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையிடம் போய், இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்து, முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணால் பார்த்தாள். நம்பவில்லை. அழித்து அழித்துப் பழகிய ஆள்காட்டி விரலால் அந்த வட்டத்தின் ஓரத்தைச் சுற்றித் தடவினாள். எதுவும் தட்டுப்படவே இல்லை. ஓரம் கன்னத்தோடு சமமாக இருந்தது.

சின்னவள் அசையாமல் இருந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அக்காவிடம் நேராகப் பேசினாள்.

"என்னக்கா, திரும்பவும் அழிச்சிட்டியா?"

"இல்லடி" என்றாள் பெரியவள். விரலை எடுக்க மனம் வரவில்லை. கண்ணீரில் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவும் இல்லை. "நான் தொடல. சத்தியமா நான் தொடலடி."